ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டால் கை எங்கே போகணும், கால் எங்கே போகணும்

போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காகப் பெரியப்பாவோடு தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய்க்கொண்டிருந்தேன். ஐயம்பேட்டை தாண்டினதும் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு முன்னால் போக, அதை முந்துவதற்காகப் பெரியப்பா ஆக்சிலரேட்டரை அடிவரைக்கும் மிதித்தார். முந்தியாச்சு, காலையும் எடுத்துவிட்டார், ஆனால் வண்டி எழுபது, எண்பது என்று ஏறிக்கொண்டே போனது. நான் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் பங்கு அவ்வளவுதான். பெரியப்பா கிளட்சை மிதித்தார், எஞ்சின் ஊளையிட்டது, கியரை நியூட்ரலுக்குத் தட்டினார், பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, அப்புறம்தான் சாவியைத் திருப்பினார். குனிந்து பார்த்தால், மழைக்காலச் சேறு கால்மிதி மேட்டில் ஒட்டக் கூடாது என்று அவரே விரித்துவைத்த உரச்சாக்கின் மடிப்பு பெடலைக் கவ்விக்கொண்டிருக்கிறது.

எப்படிப் பதறாமல் செய்தீர்கள் என்று கேட்டேன். "டிராக்டர்ல கை ஆக்சிலேட்டர் வச்ச எடத்துலதான் நிக்கும். காலை எடுத்தா வேகம் கொறஞ்சிடும்னு நான் எந்த வண்டியையும் நம்புனதில்லடா" என்றார்.

அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது. நம் பக்கத்து ஆட்களுக்கு மோட்டார் கொட்டகை ஆயில் எஞ்சின் இருமினாலே டீசலில் காற்று புகுந்துவிட்டது என்று தெரியும், டிராக்டரின் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காலிலேயே தெரியும். அதே ஆள் லோன் போட்டு ஒரு கார் வாங்கினால், அதன் பெடலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்ப்பதில்லை. பூசை போட்டு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்பதோடு சரி. அதனால் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன், ஓட்டத் தெரிந்தவர்களும் ஒரு முறை படிக்கலாம்.

பெடல் ஏன் மாட்டிக்கொள்கிறது

முக்கால்வாசி சமாச்சாரம் தரையில்தான் இருக்கிறது. கொக்கியில் மாட்டாமல் நழுவி முன்னால் போன மேட், ஒரு மேட்டின் மேல் இன்னொரு மேட், வேறு மாடல் காருக்கு வெட்டிய கெட்டி ரப்பர் மேட், எங்கள் வீட்டுச் சாக்கு. அப்புறம் கேபிள். மாருதி 800, அம்பாசடர் காலத்து வண்டிகளில் பெடலிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கம்பி கேபிள் போகும், அது துரு ஏறினாலோ இழை பிரிந்தாலோ இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். பெடலைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங் உடைந்தாலும் அதே கதைதான். இப்போதைய கார்களில் கேபிள் கிடையாது. பெடலில் இருக்கும் சென்சார்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல, அது ஒரு சின்ன மோட்டாரால் காற்று வாசலைத் திறக்கிறது. அந்த வாசலில் கரி படிந்து ஒட்டுவதும் உண்டு.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லணும், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாலும். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரையே மிதிப்பது. வண்டி பாய்கிறது, பயத்தில் இன்னும் அழுத்துகிறோம், இன்னும் பாய்கிறது, கடைசியில் 'பிரேக் பிடிக்கலை' என்கிறோம். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் ஆடி 5000 காரின் மேல் இப்படிப் புகார் குவிந்தது. அரசு ஆராய்ந்து 1989-ல் சொன்ன முடிவில் ஓட்டுநர் பெடல் மாற்றி மிதித்ததுதான் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாக இருந்தது. ஆகவே வண்டி தானாகப் பாய்கிற மாதிரி இருந்தால் வலது காலை முழுசாக மேலே தூக்கி, மறுபடி பார்த்து பிரேக்கில் வையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

ஒன்று. பெடலைக் கால் நுனியால் ஒரே ஒரு முறை படக்கென்று அழுத்தி விடுங்கள். சில சமயம் அதிலேயே விடுபட்டுவிடும். விடவில்லையென்றால் மறந்துவிடுங்கள். குனிந்து கையால் மேட்டை இழுக்கப் போகாதீர்கள், பக்கத்து சீட்டில் இருப்பவரையும் உங்கள் காலடியில் தலையை விடச் சொல்லாதீர்கள்.

இரண்டு, இதுதான் எல்லாம்: எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கணும். கிளட்ச் உள்ள வண்டி என்றால் கிளட்சை மிதித்து நியூட்ரல். ஆட்டோமேட்டிக், ஏஎம்டி (கிளட்ச் வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும் கியர்) என்றால் கிளட்ச் பெடலே இல்லை, டி-யிலிருந்து (ஓட்டும் கியர்) என்-னுக்கு (நியூட்ரல்) லீவரைத் தள்ளணும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ஓடும்போதே, பக்கத்துப் பொத்தானை அழுத்தாமலே அது போய்விடும். திருகு வைத்த கியர் என்றால் சிலவற்றில் என்-னில் ஒரு நொடி பிடித்திருக்க வேண்டும். நியூட்ரல் போனதும் எஞ்சின் பேய்க் கத்தல் கத்தும். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் பலர் திரும்பவும் கியரில் போட்டுவிடுகிறார்கள். கத்தட்டும் விடுங்கள். இப்போதைய எஞ்சின்களில் ஒரு அளவுக்கு மேல் சுற்ற விடாத தடுப்பு இருக்கிறது, பழைய எஞ்சினாகவே இருந்து போனாலும் போகட்டும், எஞ்சினை இறக்கிக் கட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது பிரேக். ஒரே அழுத்து, பலமாக, விடாமல். விட்டு விட்டு மிதிப்பது பெரிய தப்பு, காரணத்தைக் கீழே வீட்டு வாசலிலேயே காட்டுகிறேன்.

நான்கு, ஓரங்கட்டுவது. நாலு இண்டிகேட்டரையும் போட்டு ஹாரனை அடித்துக்கொண்டே உங்கள் பாதையிலேயே நேராக வேகத்தைக் குறையுங்கள். நம் ஊரில் இதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. வெண்ணாற்றங்கரை, குடமுருட்டிக் கரை ரோடு என்றால் ஒரு பக்கம் ஆறு, இந்தப் பக்கம் பள்ளத்தில் வயல், ஓரம் என்று ஒன்றே கிடையாது, அதனால் வண்டி நடை வேகத்துக்கு வரும் வரைக்கும் ஸ்டியரிங்கை ஒடிக்கவே கூடாது. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும்; நெல்லின் மேல் பிரேக் அடித்தால் டயர் வழுக்கும், எதிரே வண்டி இல்லாவிட்டால் தார் தெரிகிற பக்கமாகவே விடுங்கள். ஹேண்ட்பிரேக்கை வேகத்தில் வெடுக்கென்று இழுத்தால் பின் சக்கரம் இறுகி வண்டி சுற்றிக்கொண்டு போகும், அது நின்ற பிறகு போடுவதற்கு.

ஐந்து, எஞ்சினை அணைப்பது. நின்ற பிறகு. லீவர் எதற்கும் அசையவில்லை, பிரேக்கும் போதவில்லை என்றால் மட்டும் ஓடும்போதே. சாவி வண்டி என்றால் சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்புங்கள், உருவவே உருவாதீர்கள், உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பொத்தான் வண்டி என்றால் சும்மா ஒரு தடவை அழுத்தினால் ஓட்டத்தில் அணையாது. பெரும்பாலும் மூன்று நொடி போல அழுத்திப் பிடிக்கணும், அல்லது அடுத்தடுத்து சில முறை அழுத்தணும். உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் போட்டிருக்கும். கையேடு டாஷ்போர்டு பெட்டிக்குள், இன்சூரன்ஸ் பேப்பருக்கு அடியில், பிளாஸ்டிக் உறை கூடக் கிழியாமல் கிடக்கும்.

இந்தப் பொத்தான் விஷயம் சின்னதில்லை. 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ பக்கத்தில் டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்று, அதுவும் பொத்தான் வண்டிதான், இப்படி ஓடி நான்கு பேர் இறந்துபோனார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலை ரோந்து போலீஸ்காரர், வாழ்க்கையே ரோட்டில்தான். அது சர்வீஸுக்கு விட்ட தன் காருக்குப் பதிலாகக் கிடைத்த இரவல் வண்டி, அதில் வேறு மாடலுக்கான ரப்பர் மேட் போட்டிருந்தது. காரிலிருந்தே அவசர எண்ணுக்குப் பேசுகிற அளவுக்கு நேரம் இருந்திருக்கிறது. அதே காரைச் சில நாள் முன்னால் ஓட்டிய இன்னொருவருக்கும் பெடல் அப்படியே மாட்டி, அவர் தப்பித்து வந்திருக்கிறார் என்பது விசாரணையில் தெரிந்தது. அந்த விபத்துக்குப் பிறகு டொயோட்டா லட்சக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எலக்ட்ரானிக்ஸில் கோளாறா என்று நாசா பொறியாளர்கள் வரைக்கும் வந்து பார்த்து, 2011-ல் அப்படி எதுவும் அகப்படவில்லை என்று அறிக்கை வந்தது. மேட்டும், ஒட்டிக்கொள்கிற பெடலும்தான் மிஞ்சின. பழக்கமில்லாத வண்டியை வாங்கி ஓட்டும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த இரவல் கார்தான் ஞாபகம் வருகிறது.

இப்போது வரும் கார்கள் பலவற்றில் இரண்டு பெடலும் ஒன்றாக அழுந்தினால் கம்ப்யூட்டர் பிரேக் சொல்வதைக் கேட்டு எஞ்சினை அடக்கிவிடும். உங்கள் வண்டியில் அது இருந்தால் நல்லது. இருந்தாலும் நியூட்ரல் பழகுங்கள்.

வீட்டு வாசலில் பழகுவது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை மிதியுங்கள். முதல் மிதி மெத்தென்று இறங்கும். இரண்டாவது கொஞ்சம் கடினம். மூன்றாவது, நாலாவதில் பெடல் கருங்கல் மாதிரி ஆகிவிடும், முழு பலத்தையும் போட்டாலும் அரை அங்குலம்தான் போகும். இப்போது காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள், காலுக்கடியில் பெடல் தானாக ஒரு படி கீழே அமுங்குவது தெரியும்.

அந்த அமுங்கல்தான் பூஸ்டர். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை வைத்து, உங்கள் காலின் பலத்தை அது பெருக்கிக் கொடுக்கிறது. ஆக்சிலரேட்டர் முழுசாகத் திறந்து நிற்கும்போது அந்த வெற்றிடம் அநேகமாக இருக்காது. பூஸ்டருக்குள் ஏற்கெனவே சேர்ந்த சேமிப்பு மட்டும்தான், ஓரிரு மிதிக்கு வரும். விட்டு விட்டு மிதித்து அதைக் கரைத்துவிட்டால், நூறில் போகிற காரில் உங்கள் காலுக்குக் கிடைப்பது அந்தக் கருங்கல் பெடல்தான். டீசல் காருக்குத் தனி வேக்குவம் பம்ப் உண்டு என்பதால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் பழக்கம் ஒன்றாகவே இருக்கட்டும்.

அப்படியே அணைத்த வண்டியில் ஸ்டியரிங்கையும் திருப்பிப் பாருங்கள். கனமாக இருக்கும், திரும்பும். பிறகு சாவியை உருவிவிட்டுத் திருப்புங்கள், 'டக்' என்று பூட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரிந்தால் போதும்.

மூன்றாவது பழக்கத்துக்குக் காலி இடம் வேண்டும். நெல் வராத மாதத்தில் கொள்முதல் நிலையத்துக் களம், ஆளில்லாத நேர் ரோடு எதுவாக இருந்தாலும் சரி, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு லீவரைப் பார்க்காமலே நியூட்ரலுக்குத் தள்ளி, ஒரே மிதியில் நிறுத்துங்கள். பத்து முறை. ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்கள் இருபது முறை செய்யுங்கள், ஏனென்றால் கிளட்ச் வண்டிக்காரனுக்குப் பயத்தில் இடது கால் தானாகவே இறங்கும், உங்களுக்கு அந்தக் கால் சும்மாதான் இருக்கும், எல்லாம் கையில்தான்.

டீசல்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டர்போவின் சீல் போய் எஞ்சின் தன் ஆயிலையே எரித்து ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அபூர்வம்தான். கொட்டகை எஞ்சின் தறிகெட்டால் காற்றுக்குழாயைச் சாக்கு வைத்து அடைக்கிறோமே, அதே தத்துவம்தான், காற்று நின்றால் நெருப்பு நிற்கும். ஆனால் காரில் பானட்டைத் திறந்து அந்த வேலையைச் செய்யப் போகாதீர்கள், நிறுத்தி எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள்.

நின்ற பிறகும், தினமும்

மாட்டிய பெடல் விடுபட்டுவிட்டது என்று அதே வண்டியை மறுபடி எடுக்காதீர்கள். மேட்தான் காரணம் என்று கண்ணால் பார்த்தால் மேட்டை டிக்கியில் போட்டுவிட்டுக் கிளம்பலாம். காரணம் தெரியவில்லையென்றால் இழுத்துக்கொண்டுதான் போகணும், கல்யாணம் தப்பினாலும் பரவாயில்லை.

மற்றபடி வாரம் ஒரு தடவை கதவைத் திறந்து, மொபைல் டார்ச்சை அடித்து, ஓட்டுநர் பக்கத் தரையைப் பாருங்கள். மேட் பின்பக்கக் கொக்கியில் மாட்டியிருக்கிறதா, கையால் முன்னே தள்ளினால் நகர்கிறதா. ஆக்சிலரேட்டரைக் கையாலேயே அடிவரைக்கும் அழுத்தி விடுங்கள், தயங்காமல் திரும்பி வரணும். சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டில் பிரேக்கின் கீழே போய் உட்கார்ந்தால் இன்னும் மோசம், அதற்குக் கதவில் இடம் இருக்கிறது. ஈர ரப்பர் செருப்பைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு வெறுங்காலில் ஓட்டுகிறவர்கள் செருப்பைப் பின் சீட்டுக்குத் தள்ளிவிடுங்கள்.

பெரியப்பா சாக்கை விடவில்லை. சேற்றுக் காலோடு ஏறுகிற பேரன்களுக்காகப் பின் சீட்டின் கீழே விரித்திருக்கிறார்.