டர்ஹாம் கரையில் நிலக்கரிக் கழிவைப் படமெடுக்க

இங்கிலாந்தின் வடகிழக்கே, சீஹாம் ஊருக்குத் தெற்கில் இருக்கிறது பிளாஸ்ட் பீச். டாடன் சுரங்கத்தின் கழிவைப் பல பத்தாண்டுகள் இங்கேதான் கொட்டினார்கள். சுரங்கம் 1991-ல் மூடப்பட்டது. 1997 முதல் 2002 வரை டர்ஹாம் கரையில் பெரிய துப்புரவுப் பணி நடந்தும், இங்கே மீந்த கழிவுத் திட்டை அலை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கருந்திட்டும் பின்னால் வெளுத்து நிற்கும் சுண்ணாம்புப் பாறையும் ஒரே படத்தில் வரவேண்டும். கடலையும் உதயத்தையும் மட்டும் எடுத்தால் அது எந்த ஊர்க் கரையாகவும் இருக்கலாம்.

கரை கிழக்கு பார்த்தது. பிற்பகலில் பாறையின் நிழல் விழுந்துவிடும். காலையில் போங்கள். டிசம்பரில் சூரியன் எட்டரை மணியளவில் தென்கிழக்கில் எழும். அந்தச் சாய்வெயிலில், கரையோடு வடக்கே பார்த்து எடுத்தால் கழிவின் அடுக்குகள் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும்.

கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை பார்க்காமல் இறங்கக் கூடாது. நீர் முழுதும் வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கி, திரும்ப ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். கடலுக்குள் நீண்ட பாறை முனைகளைச் சுற்றிப் போனவர்களைக் கடல் மடக்கிவிடும். மழைக்குப் பின் பாறையடியில் நிற்கவே வேண்டாம், கல் உதிரும்.

கழிவிலுள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுத் துருவாவதால் குட்டைகள் செம்மஞ்சளாக இருக்கும். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த நிறத்தை வெளிறடித்துவிடும். ஒயிட் பேலன்ஸை 5200 கெல்வினில் நிறுத்தி, கேமரா பதிவை மாற்றாமல் வைக்கும் ரா ஃபைலாக எடுங்கள். அந்த நீரில் அமிலம் உண்டு. பையை அதில் வைக்காதீர்கள்.

சட்டகம் நிறையக் கரி இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). வெள்ளைப் பாறையும் சேர்ந்தால் ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரம்தான் வழிகாட்டி, அங்கே முட்டினால் வெள்ளையில் விவரம் போய்விடும். ஈரக்கல்லின் பளபளப்பை, லென்ஸ்முன் மாட்டித் திருப்பும் போலரைசர் வடிகட்டி அடக்கும், ஆனால் பாதி திருப்பினால் போதும். முழுதும் திருப்பினால் குட்டையில் வானமே இராது. 24 மில்லிமீட்டருக்கும் அகலமான லென்ஸில் போலரைசர் போட்டால் வானம் திட்டுத்திட்டாக இருளும்.

நுரைக்கோடுகள் வேண்டுமானால் லென்ஸ் திறப்பு எஃப் 11, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் அரை வினாடி. அலை வரும்போதல்ல, பின்வாங்கத் தொடங்கும்போது அழுத்துங்கள். கூழாங்கல்லில் ட்ரைபாட் மெல்ல அமிழும். கால்களை முதலில் அழுத்திப் புதைத்து, ஓர் அலை போனபின் மட்டம் சரிபாருங்கள்.

லென்ஸில் உப்புத்துளி பட்டால் உலர்துணியால் தேய்க்காதீர்கள், கீறும். நன்னீரில் நனைத்த துணியால் ஒற்றிவிட்டுப் பிறகு துடையுங்கள். ட்ரைபாட் கால்களை அன்றே கழற்றி நன்னீரில் அலசிவிடுங்கள். கரித்தூளும் உப்பும் கால் பூட்டுக்குள் இறுகினால் அடுத்தமுறை திறக்காது.