சின்ன உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆண்டு: ஜூன் முதல் பிப்ரவரி வரை

ஆறு முதல் பத்து வரை வகுப்புகள், நூற்றைம்பது பிள்ளைகள், முழுநேர உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. சேலம் மாவட்டக் கிராமங்களிலும் ஏற்காடு மலையிலும் இப்படிப்பட்ட பள்ளிகள் பல. அங்கே பொறுப்பு பகுதிநேர ஆசிரியரிடமோ, ஆர்வமுள்ள கணக்கு டீச்சரிடமோ வந்து சேரும். அவர்களுக்காக எழுதியது இது.

முதலில் எதையெல்லாம் விடுவது என்று முடிவு செய்யுங்கள். 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், ஆண், பெண் என்று பிரித்தால் ஒரு பிரிவுக்குச் சராசரியாக 37, 38 பேர்தான் தேறுவார்கள். அதில் நன்றாக ஓடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். கபடி, கோ-கோ, வாலிபால், எறிபந்து என்று எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்தால் அந்த ஏழெட்டுப் பேரைத்தான் எல்லா மைதானத்திலும் தேட வேண்டியிருக்கும். ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு குழு விளையாட்டு போதும். சின்னவர்களுக்குக் கோ-கோ, பெரியவர்களுக்குக் கபடி என்று வைப்பது நல்ல ஏற்பாடு. இரண்டு ஆண்டு கோ-கோ ஆடிய கால், கபடியில் ரெய்டு போகும்போது தானாகவே பேசும். கால்பந்துக்குப் பதினொரு பேர் வேண்டும், தட்டையான பெரிய இடமும் வேண்டும். விட்டுவிடலாம்.

பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் முதல் கட்டமான குறுவட்டப் போட்டி ஜூலை, ஆகஸ்டிலேயே வந்துவிடும். அதனால் ஜூன் மாதத்து வேலை பயிற்சியை விடக் காகிதம்தான். ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு மூன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல ஆட்டக்காரர் களத்துக்கு வெளியே உட்காருவது பெரும்பாலும் இதனால்தான். ஆதாரில் தேதி திருத்த வாரக்கணக்கில் ஆகும், போட்டிக்கு முந்தின நாள் ஓடிப் பயனில்லை. வயதுக் கணக்குக்கான தேதியை அந்த ஆண்டுச் சுற்றறிக்கையிலிருந்து மட்டும் எடுங்கள், போன ஆண்டுத் தாளை நம்ப வேண்டாம். பிள்ளைக்கு ஒரு ஃபைல்: எமிஸ் எண் (கல்வித்துறை கொடுக்கும் மாணவர் எண்), சான்றுகளின் இரண்டு நகல், நாலு பாஸ்போர்ட் போட்டோ, தலைமையாசிரியர் கையொப்பமிட்ட தகுதிச் சான்று. முத்திரை பாதி போட்டோவிலும் பாதி தாளிலும் விழ வேண்டும்.

ஓடுபாதை

400 மீட்டர் பாதைக்கு இடம் இருக்காது. 200 மீட்டர், நாலு லேன் என்றால் சுமார் 92 மீட்டர் நீளம், 42 மீட்டர் அகலம் வேண்டும். 30 மீட்டர் ஸ்டீல் டேப்பும் இரும்பு முளைகளும் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு ஆகாது. அது ஈரத்தில் ஒரு அளவு, வெயிலில் ஒரு அளவு காட்டும்.

மைதானத்தின் நடுவில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள். இவைதான் இரண்டு அரைவட்டங்களின் மையம். ஒவ்வொரு முளையிலும் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருபுறமும் கோடு எடுக்க வேண்டும். 6, 8, 10 மீட்டர் முக்கோணம் போட்டால் மூலை சரியாக 90 டிகிரி வரும். பிறகு 15.72 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் இழுத்து, முனைகளை நேர்க்கோட்டால் இணையுங்கள். இது முதல் லேனின் உள்கோடு. பிள்ளைகள் கோட்டின் மேலேயே ஓடுவதில்லை என்பதால் கோட்டுக்கு வெளியே 20 செ.மீ. தள்ளித்தான் தூரம் கணக்கு. அந்த வழியே டேப் பிடித்துச் சுற்றினால் 200 மீட்டர் வர வேண்டும். ஆரத்தில் 10 செ.மீ. பிசகினால் ஒரு சுற்றில் 63 செ.மீ. கூடும் அல்லது குறையும். முளை சாய்ந்திருந்தாலே அந்தப் பிசகு வந்துவிடும், ஒருவர் அதைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ளட்டும்.

லேன் அகலம் 1.22 மீட்டர். லேனிலேயே ஓடும் 200 மீட்டருக்கு இரண்டாவது லேன் 7.67 மீட்டர் முன்னால் தொடங்கும், மூன்றாவது 15.33, நாலாவது 23. 400 மீட்டரை இந்தப் பாதையில் லேன் பிரித்து ஓடவிட முயல வேண்டாம்.

100 மீட்டருக்கு நேர்ப்பாதை போதாது. குறுக்கே மூலைக்கு மூலை ஓடவிட்டு, முடிவுக்கோட்டைச் சுற்றுச்சுவருக்கு அருகில் போடுகிறார்கள். வேகத்தில் வரும் பிள்ளை கையை நீட்டிச் சுவரில் மோதினால் மணிக்கட்டு போகும். முடிவுக்கோட்டுக்கு அப்பால் 15 மீட்டராவது காலியிடம் வேண்டும். இல்லையென்றால் 60 மீட்டர் ஓட்டமும் புறப்பாட்டுப் பயிற்சியும் போதும்.

கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம். கண்ணில் பட்டால் ஆபத்து, நீறாத கட்டி கலந்திருந்தால் தோலும் வெந்துவிடும். கோலமாவு மலிவு, உறுத்தாது. அடியில் ஆணியால் துளையிட்ட டின்னில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்தால் கோடு நேராக விழும்.

மலைப் பள்ளிகளில் 92 மீட்டர் தட்டை நிலம் கனவுதான். கோ-கோ களம் 27க்கு 16 மீட்டர் என்பதால் படிக்கட்டு நிலத்திலும் அடங்கிவிடும். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஏற்றம் நல்ல பயிற்சி: ஏறும்போது ஓட்டம், இறங்கும்போது நடை. சரிவில் ஓடவிட்டால் முழங்காலும் முன்னங்கால் எலும்பும் வலிக்கத் தொடங்கும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் வட்டும் ஈட்டியும் எடுக்கவே கூடாது. எறிந்ததை எடுத்துவர நடந்துதான் போக வேண்டும், திருப்பி எறியக் கூடாது. இதைச் சமவெளியிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மணல் குழியும் கோ-கோ கம்பமும்

நீளம் தாண்டும் குழி 2.75 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், 30 செ.மீ. ஆழம் என்றால் ஏறக்குறைய 175 கன அடி, அதாவது ஒன்றேமுக்கால் யூனிட் ஆற்று மணல் பிடிக்கும். விலையைப் பார்த்து எம்-சாண்ட் கொட்டிவிடாதீர்கள். மழை பெய்து காய்ந்ததும் தரைபோல இறுகிவிடும், கூர்முனை தொடையைக் கீறும். தாண்டுவதற்கு முன் மண்வெட்டியால் ஒரு முறை கொத்திக் கிளறுங்கள். இரவில் தார்ப்பாய் போட்டு மூடினால் நாய் அசுத்தம் செய்யாது. உதைபலகை தரைமட்டத்துக்கு ஒரு விரல் மேலே நின்றாலும் கணுக்கால் பிசகும்.

உயரம் தாண்டுவதில் சேலம் பிள்ளைகளுக்குத் தனி ஆசை உண்டு. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அந்த ஆசையில் டிவியில் பார்ப்பதுபோல் முதுகால் விழ முயல்வார்கள். மெத்தை இல்லாத பள்ளியில் அதற்கு அனுமதியே கிடையாது. மணலில் கத்தரிப் பாணி மட்டும், காலில்தான் இறங்க வேண்டும்.

கோ-கோ கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே 24 மீட்டர். தரைக்கு மேல் 120 முதல் 125 செ.மீ., குறுக்களவு 9 முதல் 10 செ.மீ. மலையில் சில்வர் ஓக், கீழே தைலமரம் எளிதில் கிடைக்கும். பட்டையை உரித்து உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள், இல்லாவிட்டால் உள்ளங்கையில் சிலாம்பு ஏறும். இரண்டு அடியாவது புதைத்து, ஜல்லி போட்டு இடியுங்கள். முழு வேகத்தில் வருகிற பிள்ளை ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துத்தான் திரும்பும். ஆடுகிற கம்பம் அந்த நேரத்தில் சாய்ந்தால் பல் உடையும்.

உட்காரும் விதத்தில்தான் பாதி ஆட்டம். குதிகால் தரையில் படிய உட்கார்ந்திருக்கும் பிள்ளை, 'கோ' கேட்ட பிறகு முதலில் குதிகாலைத் தூக்கி, பிறகு உடம்பைத் தூக்கி, பிறகுதான் ஓடும். அதற்குள் ஓடுகிறவர் இரண்டு கட்டம் தாண்டியிருப்பார். குதிகால் தூக்கி, எடை முன்பாதத்தில், கைவிரல் தரையில் இருக்க வேண்டும். முதுகில் கை படுவதும் 'கோ' சத்தமும் ஒன்றாக வர வேண்டும். அதற்கு முன்பே எழுந்தால் ஃபவுல்.

கபடியில் சிக்கல் வேறு. ஊர்த் திருவிழாவில் ஆடிப் பழகிய பையன் நன்றாக ஆடுவான், விதியில் தோற்பான். நடுக்கோட்டைத் தாண்டிய பிறகு பாட்டைத் தொடங்குவது, எதிராளியைத் தொடாமலே, எதிரணிக் களத்திலுள்ள பால்க் கோட்டையும் தாண்டாமல் திரும்புவது, 30 வினாடி போனது தெரியாமல் நிற்பது: புள்ளி போவது இந்த மூன்றில்தான். மாணவர் களம் 13க்கு 10 என்றால் பால்க் கோடு நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், மாணவியர் களம் 12க்கு 8 என்றால் 3 மீட்டர். பயிற்சியிலேயே கோடு போட்டு, ஒருவர் வினாடியைச் சத்தமாக எண்ணட்டும். நகம் வெட்டாத பிள்ளையைப் பயிற்சிக்கே இறக்காதீர்கள்.

நேரமும் சாப்பாடும்

மாலைப் பயிற்சியைத் தீர்மானிப்பது கடைசி டவுன் பஸ். பஸ் பிடிக்கிற பிள்ளைகள் யார் என்று பட்டியல் எடுத்த பிறகு நேரம் வையுங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சேலத்தில் மாலை இடிமழை சகஜம். இடி கேட்டதும் எல்லாரும் கட்டடத்துக்குள், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. மரத்தடி ஒதுங்குமிடம் அல்ல.

காலையில் வைத்தால் வெறும் வயிறு. அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு இல்லை. மயக்கம் போட்டு விழுகிற பிள்ளைகளில் பலர் சாப்பிடாமல் வந்தவர்கள். ஆளுக்கு இரண்டு கடலை உருண்டையும் ஒரு வாழைப்பழமும் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன் கொடுக்க ஊரில் ஒருவரைப் பிடித்துவிடலாம், பந்து வாங்கித் தரச் சொல்வதை விட இது எளிது. கடும் வெயில் நாளில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் எலுமிச்சை. உப்பை அள்ளிப் போட்டால் வாந்திதான் வரும்.

போட்டி நாள்

ஏற்காட்டிலிருந்து வருகிற குழு 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி அடிவாரம் வந்த பிறகுதான் இட்லி சாப்பிட வேண்டும். மேலேயே சாப்பிட்டுக் கிளம்பினால் பாதிப் பேர் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்து, முதல் போட்டிக்கே துவண்டு நிற்பார்கள். சேலம் வெயில் மலைப் பிள்ளைகளைச் சீக்கிரம் வாட்டும், போட்டிகளுக்கு நடுவே நிழலும் ஈரத் துண்டும் அவசியம்.

மாணவியர் போகிற இடத்துக்கு ஆசிரியை ஒருவர் கண்டிப்பாகப் போக வேண்டும், பையில் நாப்கினும் மாற்று உடையும் இருக்கட்டும். மார்பு எண்ணுக்கு ஆளுக்கு நாலு ஊக்கு, கூடவே ஒரு டஜன். புது ஷூவை அன்றைக்கு முதல்முறையாக மாட்டக் கூடாது. வெறுங்காலில் பழகியவர் வெறுங்காலிலேயே ஓடட்டும். மதியம் ஓட்டம் இருந்தால் சாம்பார் சாதத்தை நிறையக் கொட்டாதீர்கள், பாதி இப்போது, மீதி ஓடி முடித்த பிறகு.

நவம்பர் முதல் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம். பிள்ளைகள் வருகை குறையும், புதுக் குழுவை அப்போது தொடங்க வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி விளையாட்டு விழாவை வையுங்கள். அதில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் நேரத்தையும் தூரத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் அடுத்த ஜூனில் யாரைத் தேடுவது என்ற வேலை மிச்சம். வாங்கிய சான்றிதழ்களின் எண்ணையும் தேதியையும் பள்ளிப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே பிள்ளையிடம் கொடுங்கள். விடுமுறைக்குப் பூட்டும் முன் பந்துகளில் காற்றைப் பாதி இறக்கி, எலி ஏறாத பீரோவில் வலையோடு வைத்துவிடுங்கள்.