சிடிடி டெக்குக்கு வந்ததும் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்

ஆய்வுக் கப்பலில் முதல் முறை ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் வாந்தியைப் பற்றித்தான் கவலை. அது இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். என் கவலை வேறு: கடலுக்குள் இறக்கி நீர் பிடித்துவரும் சிடிடி கருவி மேலே வந்து டெக்கில் உட்கார்ந்ததும் ஆளாளுக்கு மாதிரிக் குப்பியோடு அதைச் சூழ்ந்துகொள்கிறார்களே, அந்த ஒரு மணி நேரம். கணக்கு தப்பினால் கரைக்குப் போய்த் திருத்தலாம். தண்ணீரைத் தப்பாகப் பிடித்துவிட்டால், அதற்காகக் கருவியை இன்னொரு முறை இறக்க எந்தத் தலைமை விஞ்ஞானியும் லேசில் சம்மதிக்கமாட்டார். என் வாட்சில் (கப்பலில் முறைவைத்து வேலை பார்க்கும் குழுவில்) புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளந்தபடி இறங்குவது சிடிடி. கடத்துதிறனிலிருந்து உப்புத்தன்மை கிடைக்கும். அதைச் சுற்றி வட்டச் சட்டத்தில் நீரைப் பிடிக்கும் 12 அல்லது 24 நிஸ்கின் பாட்டில்கள் நிற்கும், பெரும்பாலும் 10 லிட்டர் கொள்ளளவு. மேல்மூடி, கீழ்மூடி இரண்டும் திறந்தபடியே கீழே போகும். இறக்குவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலிலும் மேலே உள்ள காற்றுத் திருகும் கீழே உள்ள குழாயும் இறுக்கமாக மூடியிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தது போதாது.

கருவியை வடத்தில் இறக்கி ஏற்றும் வின்ச் நிமிடத்துக்குச் சுமார் 60 மீட்டர் விடும். 4000 மீட்டர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சாப்பிட்டுவிட்டு வரலாம். பாட்டில்களை மூடுவது திரும்பி மேலே வரும்போதுதான். வேண்டிய ஆழத்தில் வின்ச்சை நிறுத்தியவுடன் பாட்டிலை மூடும் பட்டனை அழுத்திவிடாதீர்கள். சட்டம் ஏறும்போது கீழே உள்ள நீரையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். அரை நிமிடம் பொறுத்தால் அது விலகி, அந்த ஆழத்துக்குரிய நீர் பாட்டிலுக்குள் வந்துவிடும்.

சரி, டெக்குக்கு வந்தாயிற்று. முதலில் கசிவுச் சோதனை. காற்றுத் திருகைத் தொடாமல் கீழ்க்குழாயை மட்டும் திறங்கள். இரண்டு சொட்டு விழுந்து நின்றால் பாட்டில் நல்லது. தொடர்ந்து ஒழுகினால் எங்கோ காற்று புகுகிறது. லாக் ஷீட்டில், அதாவது மாதிரிப் பதிவுத்தாளில், குறித்துவிடுங்கள்.

அடுத்தது வரிசை. திருகைத் திறந்து நீரை எடுக்க எடுக்க, அந்த இடத்தில் காற்று நிரம்பும். அதனால் வாயு அளப்பவர்களுக்கே முதல் உரிமை: ஃப்ரியான் வாயு அளப்பவர் இருந்தால் அவர், பிறகு ஆக்சிஜன், பிறகு கார்பன். ஊட்டச்சத்தும் உப்பும் பின்னால்தான். உங்கள் பேராசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இந்த வரிசை மாறாது.

ஆக்சிஜனைத்தான் நிதானமாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ரப்பர் குழாயைப் பிதுக்கி உள்ளே காற்றுக்குமிழி எதுவும் தங்காமல் வெளியேற்றுங்கள். அதன் நுனியைக் குப்பியின் அடிவரை விட்டு, சலசலக்காமல் நிரப்புங்கள். நிரம்பிய பிறகும் குப்பியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீர் வழிந்தோட வேண்டும். நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாங்கனீஸ் குளோரைடு, அடுத்து கார அயோடைடு, இரண்டையும் நுனி நீருக்குள் இருக்கும்படி செலுத்துங்கள். மூடியைச் சாய்வாக நுழைத்து மூடி, குப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள். குண்டூசித் தலையளவு குமிழி தெரிந்தாலும் அதைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். சரியாக இருந்தால் நன்றாகக் குலுக்குங்கள். பழுப்பு வீழ்படிவு வரும். ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கின் குப்பி மட்டும் வெளிறி நிற்கும். டைட்ரேஷன் செய்து ஆக்சிஜனை அளக்கும் முன்பே கடலின் அந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்று ரேக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த காட்சி அதுதான். இது வேதியியலாளர் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறை; இன்றைக்கும் சிடிடியின் ஆக்சிஜன் சென்சாரைச் சரிபார்க்க இதையே நம்புகிறோம்.

கார்பன் குப்பியில் நுண்ணுயிர்களைக் கொல்ல மெர்க்குரிக் குளோரைடு விடுவார்கள். கொடிய நஞ்சு, கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள். ஊட்டச்சத்துக் குப்பியை அதே நீரால் மூன்று முறை அலசுங்கள். உறைய வைப்பதாக இருந்தால் மேலே இடம் விடுங்கள், இல்லாவிட்டால் விரிசல்தான். பாட்டிலின் குழாய்முனையில் விரல் படக் கூடாது. உப்புக் குப்பியையும் மூன்று முறை அலசி, தோள்வரை நிரப்பி, வாயைத் துடைத்து மூடுங்கள். வாயோரம் காய்ந்த உப்புப் பரல் ஒன்று உள்ளே விழுந்தாலே அளவு ஏறிவிடும்.

லாக் ஷீட் ஒருவர் கையில் மட்டுமே இருக்கட்டும். நீங்கள் குப்பி எண்ணை உரக்கச் சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொல்லி எழுதட்டும். குப்பிக்கு நேராக ஆழத்தை எழுதாமல் நிஸ்கின் எண்ணை எழுதுங்கள். ஒரு பாட்டில் வேறு ஆழத்தில் மூடியிருந்தால் அதைப் பிறகு தரவிலிருந்து கண்டுபிடிக்கலாம். எந்தக் குப்பி எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்பதை எந்தத் தரவும் சொல்லாது.

எல்லாரும் எடுத்து முடித்துவிட்டார்கள் என்று லாக் ஷீட் வைத்திருப்பவர் சொன்ன பிறகே மிச்ச நீரைக் கொட்ட வேண்டும். சென்சார்களை நன்னீரால் கழுவுங்கள். அடுத்த நிலையத்துக்கு, அதாவது கருவியை அடுத்து இறக்கும் இடத்துக்கு, நேரமிருந்தால் பாட்டில்களை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் தளரும், புகைபோக்கியின் கரியும் உள்ளே விழும். நிலையத்தை நெருங்கும்போது திறந்து மாட்டினால் போதும்.