வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள்

சிங்கப்பூர் வந்து இறங்கியதும் எல்லோரும் உங்களை லிட்டில் இந்தியா எனும் தேக்காவுக்குத்தான் கூட்டிப்போவார்கள். வீரமாகாளியம்மன் இருக்கிறாள், இட்லி மாவும் கறிவேப்பிலையும் கிடைக்கும், போகவேண்டியதுதான். ஆனால் முதல் வாரத்திலேயே ஒருநாள் காலையில் வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கும் போய்வாருங்கள். பூகிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்.

1870இல் தொடங்கிய கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம்முக்கு 1884இல் எழுந்த கோயிலும் அங்கே அக்கம்பக்கம். குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் பலர் நம் கோயில் வாசலிலும் நிற்பார்கள். நான் முதன்முதலில் பார்த்தது ஒரு சீனப் பாட்டியை. காய்கறிப் பையைத் தரையில் வைத்தார், மூன்று ஊதுபத்தியை நெற்றிவரை உயர்த்திக் கண்மூடினார், கிருஷ்ணன் வாசல் சட்டிச் சாம்பலில் ஊன்றினார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊரை விட்டு வந்த பாரம் அன்றைக்குத்தான் எனக்குக் குறைந்தது. குவான் இம் கோயிலுக்குள் நீங்களும் போகலாம். படம் மட்டும் எடுக்காதீர்கள். நம் கோயில் நண்பகலில் நடைசாத்திவிடும்.

பசித்தால் பக்கத்திலேயே ஆல்பர்ட் சென்டர் உணவங்காடி இருக்கிறது. சைவக்காரர்கள் சீன சைவக் கடையில் வாங்கலாம். கறித்துண்டு மாதிரி இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது சோயாவும் கோதுமைப் புரதமும். முட்டை உண்டா என்று மட்டும் கேளுங்கள். மற்ற கடைகளில் "காய்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது. சிப்பிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கலாம். மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார் என்று பொருள். சாப்பிட்ட தட்டை நீங்களேதான் எடுத்துவைக்க வேண்டும், 2021 முதல் அது கட்டாயம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு. வெறும் "கோப்பி" என்றால் கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். பாலும் சீனியும் வேண்டாமென்றால் "கோப்பி ஓ கோசோங்".

வேலையிடத்தில் பலகாரம் கொடுக்கும்முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மலாய் நண்பர்களுக்கு ஹலால் முத்திரை போட்ட பாக்கெட் வாங்கிக் கொடுத்தால் அவர்களுக்குச் சங்கடமில்லை. குவான் இம்மை வணங்குபவர்களில் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. என் எதிர்மேசைச் சீன அக்கா இதைச் சொன்ன நாளிலிருந்து மதியச் சாப்பாடு நாங்கள் சேர்ந்துதான். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோனேன், சீனப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு அழைத்தார். அப்படி யாராவது அழைத்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு ஆரஞ்சுப் பழத்தை இரு கையாலும் நீட்டுங்கள், நாம் தாம்பூலம் கொடுப்பதுபோல. கிளம்பும்போது அவர்களும் உங்களுக்கு இரண்டு தருவார்கள்.