கல்வெட்டுக் களப்பயணமும் கருத்தரங்கும்: வரலாற்றுத் துறைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி வரலாற்றுத் துறையின் களப்பயணம் பல சமயம் பேருந்து கிளம்பும் முன்பே கெட்டுவிடுகிறது. ஒரே நாளில் ஐந்து கோயில், ஒரு சமணர் குகை, ஒரு அருங்காட்சியகம் என்று திட்டம் போட்டால் மாணவர்கள் எதையும் பார்க்க மாட்டார்கள், படம் மட்டும் எடுப்பார்கள். இருபது வரிக் கல்வெட்டு ஒன்றை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுத, பழகாத கண்ணுக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். நாளுக்கு இரண்டு இடம் போதும், அதிலும் ஓர் இடத்தில்தான் முழு வேலை. கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஐம்பது பேர் ஒரே சுவரைச் சூழ்ந்து நின்றால் முன்வரிசை தவிர யாருக்கும் எழுத்து தெரியாது. எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுவரை ஒதுக்கிவிடுவது நல்லது.

அனுமதி விஷயத்தில் நடக்கும் தவறு, யாரிடம் கேட்பது என்று பார்க்காமல் கடிதம் எழுதுவது. அந்த இடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதா, மாநிலத் தொல்லியல் துறையிடம் உள்ளதா, அறநிலையத் துறைக் கோயிலா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். சில கோயில்களில் தொல்லியல் துறை, அறநிலையத் துறை இரண்டுக்குமே எழுத வேண்டியிருக்கும். ‘மாணவர்கள் பார்வையிட வருகிறார்கள்’ என்ற ஒரு வரி போதாது. எத்தனை பேர், எந்தத் தேதி, படம் எடுப்பீர்களா, முக்காலி வைப்பீர்களா, மைப்படி (கல்லில் தாளை ஒட்டி மையால் எடுக்கும் எழுத்துப் படி) எடுப்பீர்களா என எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும்.

மலைக்குகைகளுக்குப் போகும்போது தேனடை இருக்கிறதா என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்காமல் ஏறாதீர்கள். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றும் தேனீக்களைக் கிளப்பிவிடும்.

படித்துவிட்டுப் போகாததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் கணிசமானவை முன்பே படியெடுக்கப்பட்டு, கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் எண்ணோடு பதிவாகியுள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அதன் இரண்டாம் தொகுதியில் உள்ளன. இவற்றைப் புரட்டாமல் ‘மாணவர்கள் புதிய கல்வெட்டைக் கண்டுபிடித்தனர்’ என்று நாளிதழுக்குச் செய்தி கொடுத்தால், படித்தவர் ஒருவர் மறுநாளே அதன் பதிவு எண்ணைச் சொல்லிவிடுவார். ஊர்ப் பெயரின் பழைய வடிவத்தையும் தேடிப் பார்க்க வேண்டும், வட்டமும் மாவட்டமும் பலமுறை மாறியிருக்கும்.

கல்லின் முன்னால்

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு, சாக்பீஸ், மாவு, எண்ணெய் பூசுவதை இன்றும் காண்கிறோம். இது கூடவே கூடாது. பூச்சு கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். அதைத் தேய்த்துக் கழுவும்போது ஏற்கெனவே மழுங்கிய எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டுவதும் அதே கேட்டைத்தான் செய்யும். தேவைப்படுவது பூச்சு அல்ல, சாய்ந்த வெளிச்சம். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் விழும் வெயிலில் வெட்டுகள் நிழலோடு எழுந்து நிற்கும். நிழலான சுவருக்குக் கைவிளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் போதும். நேரெதிரே ஃபிளாஷ் அடித்தால் எழுத்து மறைந்துவிடும்.

மைப்படியை அனுமதியும் பழகிய கையும் இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, பாதி உலர்ந்த பிறகுதான் மையை ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமாக இருக்கும்போதே மை வைத்தால் அது ஊறிக் கல்லைக் கறையாக்கும். முழுக்க உலர விட்டால் தாள் கழன்றுவிடும். ஓவியமோ சுதைப் பூச்சோ உள்ள பரப்பில் இதைச் செய்யவே கூடாது.

படம் எடுப்பதில் தவறு, எழுத்தை மட்டும் நெருங்கி எடுப்பது. முதலில் முழுச் சுவர், பிறகு அந்தப் பகுதி, பிறகு ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி வரிசையாக நெருங்கிய படங்கள். எல்லாவற்றிலும் அளவுகோல் இருக்க வேண்டும். ‘கோயில் சுவரில் உள்ளது’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘கருவறை, வடபுறம், அதிட்டானத்தின் குமுதப்படை’ என்று எழுதினால்தான் இன்னொருவர் போய்ச் சரிபார்க்க முடியும். அதிட்டானம் என்பது கட்டடத்தின் அடிமேடை, குமுதமும் பட்டிகையும் அதன் அடுக்குகள். குமுதத்திலும் பட்டிகையிலும் வரி மூலை திரும்பி அடுத்த பக்கத்துக்கு ஓடுவது சாதாரணம். சுவர் முடிந்த இடத்தில் வரியும் முடிந்தது என்று நிறுத்தினால் பாதி வாக்கியம்தான் கையில் இருக்கும்.

படிக்கும்போது ஏமாறும் இடங்கள்

பழங்கல்வெட்டுகள் பலவற்றில் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் வரும். காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் கண்ணில் பட்டதை முதலில் அப்படியே எழுத வேண்டும், பொருள் பார்த்துத் திருத்திய வாசகத்தைத் தனியே எழுத வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் பிழை எங்கே புகுந்தது என்று பின்னர் கண்டுபிடிக்க முடியாது. அழிந்த இடத்துக்குப் புள்ளிகள், ஐயமான எழுத்துக்குச் சதுர அடைப்பு.

எண்களில் ௰௨ என்பது பன்னிரண்டு, ௨௰ என்பது இருபது. வரிசை மாறினால் ஆட்சியாண்டே மாறும்.

அரசரை அடையாளம் காண்பதில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘கோப்பரகேசரி’ என்பது ஓர் அரசரின் பெயர் அல்ல. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினர். விசயாலயன், முதலாம் பராந்தகன், உத்தம சோழன், முதலாம் இராசேந்திரன் எல்லோரும் பரகேசரிகளே. ‘மதிரை கொண்ட’ (மதுரையை வென்ற) என்ற அடைமொழி இருப்பதால்தான் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளை முதலாம் பராந்தகனுடையவை என்கிறோம். 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த அவை கி.பி. 919, 921க்கு உரியவை. ஆனாலும் குடவோலை முறையை முதலாம் இராசராசனுக்கு உரியதாக எழுதும் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அரசரின் புகழைச் சொல்லும் தொடக்கப் பகுதியான மெய்க்கீர்த்தி இருந்தால் வேலை எளிது: ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் முதலாம் இராசராசன், ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் இராசேந்திரன்.

பாண்டியர் கல்வெட்டில் ‘யாண்டு நான்காவதின் எதிர் ஒன்பதாவது’ என்று வந்தால் இரண்டையும் கூட்டிப் பதின்மூன்றாம் ஆண்டு என்று கொள்ள வேண்டும். கல்வெட்டுகளில் வரும் பழைய ஆண்டுக்கணக்கான சக ஆண்டோடு 78 கூட்டினால் பொதுவாகக் கி.பி. ஆண்டு கிடைக்கும், சக ஆண்டின் கடைசி மாதங்களுக்கு 79. கல்வெட்டின் காலமே கட்டடத்தின் காலம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். திருப்பணியின்போது பழைய கல்வெட்டைப் புதுச் சுவரில் மறுபடி பொறித்ததும் உண்டு, கற்கள் இடம் மாறியதும் உண்டு.

தொல்லியல் மேட்டில் கிடக்கும் பானை ஓடுகளையோ காசையோ துறைக் காட்சிப் பேழைக்கு என்று எடுத்து வருவது தவறு. கிடந்த இடத்தை இழந்த பொருளுக்குச் சான்று மதிப்பு பெருமளவு குறைந்துவிடும். மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். அகழாய்வுக் குழியின் விளிம்பில் நிற்பதும் ஆபத்து. விளிம்பு சரிந்தால் மண்ணடுக்குச் சான்றும் அதோடு போகும்.

கருத்தரங்கு நாளில்

‘தமிழக வரலாறும் பண்பாடும்’ போன்ற தலைப்பு வைத்தால் நூறு கட்டுரை வரும், ஒன்றோடு ஒன்று பேசாது. களத்திலிருந்தே தலைப்பை எடுங்கள்: ஒரு வட்டாரத்தின் ஏரிப் பாசனக் கல்வெட்டுகள், ஓர் ஆற்றங்கரையின் நடுகற்கள். பிறகு நேரக் கணக்கு. காலை 10 முதல் மாலை 4.30 வரை 390 நிமிடம். உணவுக்கும் தேநீருக்கும் 90, தொடக்க விழாவுக்கு 45, சிறப்புரைக்கு 45 கழித்தால் மீதி 210. ஒரு கட்டுரைக்குப் பன்னிரண்டு நிமிடம் வாசிப்பு, எட்டு நிமிடம் கேள்வி என்றால் பத்துக் கட்டுரைதான் கொள்ளும். தொடக்க விழா பொன்னாடைகளோடு இரண்டு மணி நேரம் இழுத்தால் வெட்டுப்படுவது கேள்வி நேரம். கருத்தரங்கின் உயிர் அந்த எட்டு நிமிடத்தில்தான் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மாணவர் தம் வாசிப்பைத் திரையில் காட்டும்போது கல்லின் படமும் வரி எண்ணிட்ட வாசகமும் அருகருகே இருக்க வேண்டும். கட்டுரை நன்றாக வந்தாலும் படங்களும் களக்குறிப்பேடும் மாணவர்களின் கைப்பேசியிலேயே தங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் படிப்பை முடித்துப் போகும்போது அவையும் போய்விடும். திரும்பிய வாரத்திலேயே ஊர், கோயில், சுவர், தேதி என்ற வரிசையில் கோப்புகளுக்குப் பெயரிட்டு, இரண்டு வன்தட்டுகளில் சேமித்து, ஒன்றைத் துறையிலும் மற்றொன்றைக் கல்லூரி நூலகத்திலும் வையுங்கள். வாசகத்தின் அச்சுப்படி ஒன்றை அந்தக் கோயில் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.