பின்னம் வந்த சமன்பாடு: பகுதியை எப்போது நீக்கலாம், எப்போது கூடாது

என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது பெருக்கலிலோ வகுத்தலிலோ இல்லை. நடுவில் சமக்குறி இருக்கிறதா என்று பார்க்காமலே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் எந்தக் கணக்கானாலும் நான் முதலில் கேட்பது, "சமக்குறி இருக்கா?" என்பதுதான்.

1/2 + 1/3 மாதிரி சமக்குறி இல்லாமல் வந்தால், அதை வேறு உருவில் எழுதலாம். மதிப்பை மாற்றக் கூடாது. 2, 3 இரண்டுக்கும் மீ.சி.ம. (இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண்) 6. 1/2 என்பது 3/6, 1/3 என்பது 2/6, கூட்டினால் 5/6. அந்தப் பகுதி, அதாவது கோட்டுக்குக் கீழே இருக்கும் 6, கடைசி வரை கூடவே வர வேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் 5 என்று எழுதினால், விடை ஆறு மடங்காகிவிடும். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதுபவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: 2/5 அரையைவிடச் சின்னது; அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?

சமக்குறி இருந்தால் கதையே வேறு. 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற கணித அறிஞர் இந்தக் குறியை அறிமுகப்படுத்தியபோது, சமமானவை என்பதற்கு இரண்டு இணைகோடுகளைவிடப் பொருத்தமானது இல்லை என்று காரணம் சொன்னார். இருபுறமும் சமம் என்பதால், இருபுறத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் சமமாகவே இருக்கும். அதனால்தான் இங்கே பகுதியை நீக்க முடிகிறது.

ஒரு கணக்கை முழுதாகப் போடுவோம். தெரியாத எண்ணுக்கு 'க' என்று வைத்துக்கொள்கிறேன்.

(க + 1)/2 − (க − 2)/3 = 4

2, 3-க்கு மீ.சி.ம. 6. ஒவ்வோர் உறுப்பையும் 6-ஆல் பெருக்க வேண்டும். வலப்பக்கம் தனியாக நிற்கும் 4-ஐயும் சேர்த்துத்தான். அது பின்னம் இல்லையே என்று நிறையப் பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

3(க + 1) − 2(க − 2) = 24

இந்த வரியில் அடைப்புக்குறியைக் கட்டாயம் போடுங்கள். பின்னக்கோடு மேலே இருப்பதையெல்லாம் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது. கோடு போன பிறகு அந்த வேலையை அடைப்புக்குறிதான் செய்ய வேண்டும். அவசரத்தில் அதை விட்டால் அடுத்த வரியில் குறி கெட்டுவிடும். −2-ஐ −2-ஆல் பெருக்கினால் +4.

3க + 3 − 2க + 4 = 24
க + 7 = 24
க = 17

"அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. 7 எங்கேயும் போகவில்லை. இருபுறமும் 7-ஐக் கழித்தோம், அவ்வளவுதான். இப்படிப் புரிந்துகொண்டவர்கள், 3க = 12 என்று வந்தால் 3-ஐக் கழிப்பதா, அதனால் வகுப்பதா என்று குழம்ப மாட்டார்கள்.

அப்புறம், விடையைச் சரிபார்ப்பது. கடைசிக்கு முந்தைய வரியில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. தப்பு முதல் வரியிலேயே நடந்திருக்கலாம். கேள்வியில் இருந்த சமன்பாட்டிலேயே போடுங்கள். 18/2 = 9, 15/3 = 5, 9 − 5 = 4. சரி. அந்த 4-ஐப் பெருக்காமல் விட்டிருந்தால் க = −3 என்று வந்திருக்கும்; போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 2/3 தான் கிடைக்கும், உடனே மாட்டிக்கொள்ளும்.

சுருக்குவதிலும் இதே பரிசோதனை உதவும். (க + 6)/6 என்பதில் மேலும் கீழும் உள்ள 6-ஐ அடித்துவிட்டு 'க' என்று எழுதலாமா? க = 6 என்று வைத்துப் பாருங்கள்: 12/6 = 2. ஆனால் அடித்து எழுதிய விடை 6. கூட்டலில் நிற்கும் எண்ணை அடிக்கக் கூடாது, பெருக்கலில் நிற்பதை மட்டுமே அடிக்கலாம்.

விடை பின்னமாக வந்தால் உடனே தப்பு என்று அழித்துவிடாதீர்கள். 2க/3 = 5/4 என்றால், இருபுறமும் 12-ஆல் பெருக்க 8க = 15, ஆக க = 15/8. போட்டுப் பாருங்கள்: 30/24, சுருக்கினால் 5/4.