பழைய செவர்லே பிக்கப்பின் அடையாள எண்ணைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1947 முதல் 1955-இன் தொடக்கம் வரை வெளிவந்த செவர்லே 3100 பிக்கப்பைப் புதுப்பிக்க முனைபவர்களில் பலர், வண்டியைக் கழற்றி, துருவை நீக்கி, பெயின்ட் அடித்து முடித்த பிறகே எண்ணைத் தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையே முதல் தவறு. வண்டியின் அடிச்சட்டத்தில் (சேசிஸில்) குத்தப்பட்ட எழுத்துகள் ஆழமற்றவை. துருவை நீக்க மணலை வேகமாகப் பீய்ச்சும் சாண்ட் பிளாஸ்டிங் அவற்றை மேலும் தேய்த்துவிடும். அதன்மேல் பூசப்படும் பவுடர் கோட்டிங் எஞ்சிய பள்ளத்தையும் நிரப்பிவிடும். ஆகவே ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே எண்களைக் கண்டுபிடித்துப் படமெடுத்து வைப்பதே முறை.

எங்கே தேடுவது என்பதிலும் குழப்பம் உண்டு. முன்கண்ணாடி வழியே தெரியும்படி எண் இருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்கக் கார்களுக்கு 1969-இல்தான் வந்தது. பதினேழு எழுத்தெண்கள் கொண்ட இன்றைய வடிவம் 1981 மாடலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எனவே 1950-ஆம் ஆண்டு வண்டியின் டாஷ்போர்டில் எண்ணைத் தேடுவதும், குறுகிய எண்ணைப் பார்த்து ஏதோ அழிந்துவிட்டதாக முடிவு செய்வதும் வீண். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் உள்ள சிறிய உலோகத் தகட்டில் அது இருக்கும். 5HPC1234 என்பது போன்ற எண்ணில் 5 என்பது கன்சாஸ் சிட்டி தொழிற்சாலையையும், HP என்பது 1950-ஆம் ஆண்டின் அரை டன் பிக்கப்பையும், C என்பது மார்ச் மாதத்தையும் குறிக்கும். மீதி வரிசை எண். உரிமை ஆவணத்தில் 1951 என்றிருந்தால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம்; விற்ற ஆண்டையே வண்டியின் ஆண்டாகப் பதிவதும் அந்நாளில் வழக்கமாக இருந்தது.

தகடு கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது அடுத்த தவறு, என் கணிப்பில் மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறும் அதுதான். இந்த வண்டிகளின் கேபின் மூலைகளும் தரையும் துருப்பிடித்து உதிர்வது சாதாரணம் என்பதால், வேறொரு வண்டியின் கேபினை எடுத்துப் பொருத்தியவர்கள் ஏராளம். கேபினோடு அதன் தகடும் வந்துவிடும். அப்போது தகடு சொல்வது கேபினின் வரலாற்றை மட்டுமே. அதைச் சரிபார்க்க அடிச்சட்டத்தின் எண் வேண்டும். செவர்லேயில் அது பெரும்பாலும் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில் இருக்கும். அதே காலத்து ஃபோர்டு எஃப்-100 வண்டியில் வலப்பக்கத்தில் பார்க்க வேண்டும். இடம் வண்டிக்கு வண்டி சற்று மாறுவதால் ஓர் அடி நீளத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு எண்ணே இல்லை என்று கைவிடக் கூடாது. கிரைண்டரைத் தொடாமல், பெயின்ட் ரிமூவரும் மென்மையான வயர் பிரஷும் கொண்டு பொறுமையாகச் சுத்தம் செய்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் மங்கிய எழுத்தும் நிழலால் எழும். நம் ஊர் ஆர்.டி.ஓ. வேலைகளுக்குச் சேசிஸ் நம்பரின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்களே, அந்த உத்தி இங்கும் நன்றாகப் பலிக்கும்.

இன்ஜினில் இருவகை எண்கள் உண்டு. அச்சில் வார்க்கும்போதே புடைப்பாக எழுந்த எண் ஆயிரக்கணக்கான இன்ஜின் பிளாக்குகளுக்கு (இன்ஜினின் வார்ப்பு உடல்களுக்கு) பொதுவானது. அதை வண்டியின் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகில், வலப்பக்கத்தில் குத்தப்பட்டிருப்பதே இன்ஜின் எண். சில மாநிலங்களில் அந்த எண்ணை வைத்தே உரிமை ஆவணம் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் பலர் 216 கன அங்குலக் கொள்ளளவுள்ள இன்ஜினை எடுத்துவிட்டு 235 கன அங்குல இன்ஜினைப் பொருத்தியதால், ஆவணத்திலுள்ள எண் வண்டியில் எங்குமே அகப்படாத நிலை வரும். வாங்குவதற்கு முன்பே இந்த முரண்பாட்டைக் கண்டறிந்து, அந்த மாநிலத்தின் வாகனப் பதிவு அலுவலகத்தில் தீர்வு கேட்பது நல்லது.

பெயின்ட் அடிக்க வசதியாக இருக்கும் என்று தகட்டைக் கழற்றுவதும், பழையது அழகாக இல்லை என்று புதிதாக ஒன்றை அச்சிட்டு ஒட்டுவதும் கூடாது. அடையாள எண்ணை நீக்குவதையோ மாற்றுவதையோ அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது. பழுதுபார்ப்புக்கான விலக்குகள் குறுகியவை. தகட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுச் சுற்றிலும் பெயின்ட் அடித்தால் போதும்.